வலிக்கும் வலிக்கும் நடுவே

குழந்தை வெளியே வந்துவிட்டது, அழுதும்விட்டது. அறையில் இருப்பவர்களின் கண்ணெல்லாம் அதன் மேல். இந்தச் சந்தடியில் ஓரமாக ஒரு சின்ன வேலை நடக்கும். பெற்றவள் அதைக் கவனிக்கும் நிலையில் இருக்க மாட்டாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் வீட்டாருக்கும் தெரியாது. தொப்புள்கொடியில் ஒரு சாண் அளவுத் துண்டை இரண்டு முனையிலும் கிளிப் போட்டு இறுக்கி, வெட்டி, தட்டில் வைத்துவிடுவார்கள். பிறகு டாக்டரோ நர்ஸோ, ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் போட்ட சிரிஞ்சால் அதிலிருந்து ஒரு மில்லி அளவு ரத்தம் உறிஞ்சுவார். அது இயந்திரத்துக்குள் போகும். ஓரிரு நிமிடத்தில் மளிகைக் கடை பில் மாதிரி ஒரு காகிதம் வெளியே வரும். அதில் ஓர் எண்: 7.26.

எல்லா மருத்துவமனைகளிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் இது நடப்பதில்லை. இயந்திரமும் விலை, அதற்குத் தீனியும் விலை. பல இடங்களில் பிரசவம் சிக்கலானால் மட்டுமே எடுப்பார்கள்.

7.26 என்பது அந்த ரத்தத்தின் புளிப்பு. பெரியவர்களான நமக்குத் தமனி ரத்தத்தில் இது 7.35க்கும் 7.45க்கும் நடுவே நிற்க வேண்டும். உங்களுக்கோ எனக்கோ 7.26 என்று வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் தேடுவார்கள். அப்போதுதான் பிறந்த குழந்தைக்கு வந்தால், நல்லாத்தான் இருக்கு என்று காகிதத்தை கேஸ் ஷீட்டில் ஒட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். நமக்கு நோயாக இருக்கும் எண் குழந்தைக்கு எப்படி இயல்பாகிறது? பிரசவ வலி செய்கிற வேலை அது. இன்னும் சரியாகச் சொன்னால், வலியும் வலி விடுகிற நேரமும் சேர்ந்து செய்கிற வேலை.

முதலில் அந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். பி.எச். என்ற அளவுகோல் பிறந்தது ஆஸ்பத்திரியில் அல்ல, பீர் ஆலையில். 1909இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்த சோரன் சோரன்சன், நொதிகள் எவ்வளவு புளிப்பில் நன்றாக வேலை செய்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். புளிப்பைத் தருவது ஹைட்ரஜன் அயனி. அதன் அளவை எழுதப் போனால் புள்ளிக்குப் பின்னால் வரிசையாகப் பூஜ்யங்கள். அவற்றை எழுதி அலுத்துப்போகாமல், மடக்கைக் கணக்கில் சுருக்கி ஒரே எண்ணாக்கினார். எண் இறங்கினால் புளிப்பு ஏறுகிறது என்று பொருள்.

சுருக்கியதில் ஒரு சங்கடமும் வந்து சேர்ந்தது. 7.40இலிருந்து 7.10 என்றால் ஏதோ சில்லறைக் குறைவு போலத் தெரியும். உண்மையில் 0.3 இறங்கினாலே ஹைட்ரஜன் அயனி இரட்டிப்பாகிறது. 7.40இல் லிட்டருக்கு 40 நானோமோல், 7.10இல் 80, 7.00இல் 100. நம் குழந்தையின் 7.26இல் சுமார் 55. இதையும் சொல்லிவிட வேண்டும்: 7க்கு மேலே இருக்கும் எதுவும் வேதியியல் கணக்கில் அமிலமே இல்லை, காரம்தான். ரத்தம் நிஜமாகவே புளித்துப்போவதில்லை. உறை ஊற்றிய பால் இன்னும் இனிப்பாக இருக்கும்போதே 'புளிக்க ஆரம்பிச்சிருச்சு' என்கிறோமே, அந்த அர்த்தத்தில்தான் மருத்துவர்கள் அமிலம் ஏறிவிட்டது என்கிறார்கள்.

இந்தப் புளிப்பு இரண்டு வழியில் வரும். ஒன்று கார்பன் டை ஆக்ஸைடு. பழைய பாடப்புத்தகங்கள் வைத்த பெயரிலேயே விஷயம் இருக்கிறது: கரியமில வாயு. நீரில் கரைந்தால் கார்போனிக் அமிலம், வெளியே போனால் அமிலமும் போயிற்று. இது கைமாற்று மாதிரி. காலையில் வாங்கி மாலையில் திருப்பிக் கொடுத்துவிடலாம். இன்னொன்று லாக்டிக் அமிலம். ஆக்சிஜன் போதாத திசு, குளுக்கோஸை அரைகுறையாக எரித்துக் காலம் தள்ளும். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து 30 ஏ.டி.பி. அளவுக்குக் கிடைக்கும், இல்லாவிட்டால் இரண்டே இரண்டுதான். மிச்சம் லாக்டிக் அமிலமாகத் தேங்கும். இது வட்டிக் கடன். நஞ்சுக்கொடி வழியாகக் கரியமில வாயு நொடியில் தாண்டிப் போய்விடும்; லாக்டிக் அமிலம் மெதுவாகத்தான் போகும், சேர்ந்தால் தீர நேரமாகும்.

இரண்டையும் பிரித்துப் பார்க்கத்தான் இயந்திரம் 'காரக் குறைவு' என்று இன்னோர் எண்ணையும் தருகிறது. மிளகாய்க் காரம் அல்ல இது. அமிலத்தைத் தாங்கிப் பிடிக்க ரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் போன்ற சரக்கு எவ்வளவு கரைந்திருக்கிறது என்ற கணக்கு. கரியமில வாயு மட்டும் ஏறியிருந்தால் இந்தக் குறைவு பெரிதாகத் தெரியாது. லாக்டிக் அமிலம் ஏறினால் தெரியும்.

இந்தப் பிரிப்பு எவ்வளவு முக்கியம் என்று உலகத்துக்கு உறைத்ததும் அதே கோபன்ஹேகனில்தான். 1952 கோடையில் அங்கே போலியோ பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத் தசை செயலிழந்த முதல் 31 பேரை அன்றைய கருவிகளில் வைத்தார்கள். 27 பேர் இறந்துபோனார்கள். நோயாளிகளின் ரத்தத்தில் மொத்தக் கரியமில வாயு அதிகம் என்று சோதனை சொன்னது. பைகார்பனேட் கூடியிருக்கிறது, ரத்தம் காரமாகிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். இல்லை, வாயு வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்கியிருக்கிறது என்றார் மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சன். பி.எச். அளந்து பார்த்தார்கள், ரத்தம் அமிலமாகத்தான் இருந்தது. தொண்டையில் குழாய் போட்டு, மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, நாள் கணக்கில் கையாலேயே பையை அமுக்கி மூச்சுக் கொடுத்தார்கள். சாவு மளமளவென்று குறைந்தது. அந்த மருத்துவமனையின் ஆய்வுக்கூடத் தலைவர் பவுல் ஆஸ்ட்ரப், இந்த அளவீட்டை எளிதாக்கும் கருவியை உருவாக்கினார். சில ஆண்டுகளில் அது துளி ரத்தமே போதும் என்னும் அளவுக்கு வந்தது. இன்று லேபர் வார்டு மூலையில் நிற்கிற இயந்திரம் அந்த வம்சம்.

இனி, வயிற்றுக்குள் போவோம்.

ஜோசப் பார்கிராஃப்ட் என்று ஒரு கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி இருந்தார். ஆக்சிஜன் குறைந்தால் உடம்பு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள, 1920இல் கண்ணாடி அறையொன்றில் தன்னையே அடைத்துக்கொண்டு, உள்ளே ஆக்சிஜனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொல்லி ஆறு நாள் இருந்தவர். அது போதாதென்று பெரு நாட்டு மலைகளில், 4,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் செர்ரோ தே பாஸ்கோ என்ற சுரங்க ஊருக்கு ஒரு குழுவோடு போய் ரத்தம் எடுத்துப் பார்த்தார். பிற்காலத்தில் அவர் கவனம் செம்மறியாட்டுக் கருக்களின் மேல் திரும்பியது. மலையுச்சியில் பார்த்ததையே கருப்பைக்குள்ளும் பார்த்தார். 'கருப்பைக்குள் எவரெஸ்ட்' என்ற தொடர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

உவமை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2007இல் எவரெஸ்ட் ஏறிய மருத்துவக் குழுவில் நான்கு பேர், உச்சியிலிருந்து இறங்கும் வழியில் 8,400 மீட்டர் உயரத்தில் நின்று, குளிர் உடையை அவிழ்த்து, தொடையிடுக்குத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்தார்கள். ஷெர்பாக்கள் அதைக் கீழே முகாமுக்குக் கொண்டு ஓடினார்கள். ஆக்சிஜன் அழுத்தம் சராசரியாக 24.6 மில்லிமீட்டர். கடல்மட்டத்தில் நமக்கு 95, 100 இருக்கும். நஞ்சுக்கொடியிலிருந்து சிசுவுக்குப் போகும் ரத்தம், அதற்குக் கிடைப்பதிலேயே மிக நல்ல ரத்தம், சுமார் 30தான்! சிசுவிடமிருந்து திரும்பி வரும் ரத்தத்தில் 20க்கும் கீழே.

இந்த வறுமையிலும் சிசு கொழுகொழுவென்று வளர்கிறது. அதன் ஹீமோகுளோபின் வேறு ரகம். நம்முடையதைவிட ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும். அளவும் அதிகம், இதயம் அடிக்கும் வேகமும் அதிகம். போதாததற்குத் தாயின் உடம்பும் ஒத்துழைக்கிறது. கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் ஏறுவதால் அவள் சற்று ஆழமாகவே மூச்சு விடுகிறாள். மாடிப்படி ஏறினாலே இரைக்கிறது என்று கர்ப்பிணிகள் சொல்வதில் இதற்கும் பங்கு உண்டு. விளைவு, அவள் ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 40இலிருந்து 30, 32க்கு இறங்கிவிடும். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் போவது போல, சிசுவின் கரியமில வாயு அவளிடம் வழிந்தோடும்.

அப்படி வரும் அமிலம் தாயின் ஹீமோகுளோபினைத் தொட்டதும், அது பிடித்திருந்த ஆக்சிஜனை எளிதில் விட்டுவிடுகிறது. அமிலத்தைக் கழித்த சிசுவின் ஹீமோகுளோபினோ பிடியை இறுக்குகிறது. கழிவைக் கொடுத்தால் சரக்கு கிடைக்கிறது. இந்த விளைவைக் கண்டு 1904இல் எழுதியவர் கிறிஸ்டியன் போர், அணு விஞ்ஞானி நீல்ஸ் போரின் தந்தை. அவரும் கோபன்ஹேகன்காரர். அந்த ஊர்த் தண்ணீரில் என்னதான் இருந்ததோ!

ஆக, வலி தொடங்கும் முன் சிசுவின் ரத்தம் நம்மைவிடச் சற்றுத்தான் புளிப்பு: 7.35ஐ ஒட்டி இருக்கும். அதன் பிறகு என்ன நடக்கிறது?

நஞ்சுக்கொடியை நாற்றங்கால் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிசுவின் ரத்தக்குழாய்களைச் சுமந்த கிளைகள் நாற்றுப்போல அடர்ந்து நிற்கின்றன. அவற்றைச் சுற்றித் தாயின் ரத்தம் தேங்கி நிற்கிறது. தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் கலப்பதில்லை. நாற்றின் மெல்லிய தோல் வழியாகத்தான் கொடுக்கல் வாங்கல். தண்ணீர் பாய்ச்சும் மடைகள் நூறு அளவில் இருக்கின்றன, கருப்பைச் சுவரைத் துளைத்து வரும் சுருள் தமனிகள். நிறைமாதத்தில் நிமிடத்துக்கு 600, 700 மில்லி ரத்தம் கருப்பைக்குப் பாய்கிறது.

சிக்கல் எங்கே என்றால், மடைகள் இருப்பது தசைக்குள். அந்தத் தசை இறுகும்போது மடையும் நெரிபடும். வலி இல்லாத நேரத்தில் கருப்பைக்குள் அழுத்தம் 10 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். நல்ல வலியில் 50, 60 ஆகும். முதலில் வடிகால் மூடும், அடுத்து மடை மூடும். உள்ளே சிக்கிய ரத்தம் அப்படியே நிற்கும். ஏறத்தாழ ஒரு நிமிடம், சிசு அந்தத் தேக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டும். ஆக்சிஜன் கொஞ்சம் இறங்கும், கரியமில வாயு கொஞ்சம் ஏறும். வலி விட்டதும் மடை திறந்து புது ரத்தம் பாயும், ஏறியது இறங்கிவிடும். கைமாற்று திரும்பியாயிற்று.

இந்த அழுத்தத்தை எல்லாம் அளந்து எழுதியவர்கள் உருகுவே நாட்டின் மான்டிவிடியோ நகரத்தில் இருந்தார்கள். ரொபர்ட்டோ கால்டெய்ரோ பார்சியாவும் எர்மொகெனஸ் ஆல்வாரஸும் தாயின் வயிற்றுச் சுவர் வழியாக மெல்லிய குழாயைப் பனிக்குடத்துக்குள் செலுத்தி, வலி வலியாக வரைபடம் எடுத்தார்கள். கருப்பை எவ்வளவு உழைக்கிறது என்பதற்கு இன்றும் உலகம் முழுக்க மான்டிவிடியோ யூனிட் என்றுதான் கணக்கு.

அவர்கள் பாதையில் வந்த ஆய்வுகளிலிருந்து எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒன்று இருக்கிறது. வலி எவ்வளவு கடுமை என்பதைவிட, அடுத்த வலிக்கு முன் எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதுதான் சிசுவுக்குப் பெரிய விஷயம். வலி விட்டவுடனே எல்லாம் சரியாகிவிடாது. ஆக்சிஜன் பழைய நிலைக்கு வர ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் ஆகும். அதற்குள் அடுத்த வலி வந்தால், நிரம்பாத நாற்றங்காலின் மடையை மறுபடி மூடியதுபோல. ஒரு தடவை இப்படி நடந்தால் ஒன்றுமில்லை. மணிக்கணக்கில் நடந்தால் கைமாற்று திரும்பாமல் சேர்ந்து, வட்டிக் கடனில் போய் நிற்கும். 10 நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்தால் அது அளவு மீறிய வேகம் என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருப்பது இதனால்தான். வலி வர ஆக்ஸிடோசின் சொட்டு மருந்து ஏற்றும்போது நர்ஸ் அடிவயிற்றில் கைவைத்துக் கடிகாரம் பார்ப்பதும் இதற்காகவே. அவர் எண்ணுவது வலியை மட்டுமல்ல, இடைவெளியையும். 'சீக்கிரம் பிரசவம் ஆகட்டும், சொட்டைக் கூட்டிவிடுங்கள்' என்று வெளியே இருந்து கேட்கிற உறவினர்களுக்கு இதை யாராவது சொல்லலாம்.

கருப்பை வாய் முழுதாகத் திறந்து தாய் முக்கத் தொடங்கியதும் நிலைமை வேகம் பிடிக்கும். முதல் கட்டத்தில் பல மணி நேரத்தில் இறங்கிய பி.எச்., இந்த இரண்டாம் கட்டத்தின் ஓரிரு மணிக்குள் அதைவிட வேகமாக இறங்கும். கருப்பையின் அழுத்தத்தோடு வயிற்றுத் தசையின் அழுத்தமும் சேர்ந்து 100 மில்லிமீட்டரைத் தாண்டும். தாயின் தசைகளும் உழைத்து லாக்டிக் அமிலத்தைக் கூட்டுகின்றன. சிசுவின் தலை நெருக்கப்படுகிறது. கொடியும் சில நேரம் இடுக்கில் மாட்டுகிறது.

'மூச்சைப் பிடிச்சு முக்கும்மா, விடாதே, விடாதே!' நம் பிரசவ அறைகளில் இந்தக் குரல் கேட்காத நாளில்லை. நீண்ட நேரம் மூச்சை அடக்கி முக்குவது சிசுவுக்கு நல்லதா என்று கால்டெய்ரோ பார்சியாவே 1970களில் கேட்டார். உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில், முக்கல் தானாக வரும்போது அவள் போக்கில் முக்க விடுங்கள் என்கிறது. சத்தம் போடுவதில் அக்கறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் மூச்சு வாங்க விடுவதிலும் அக்கறை இருக்கிறது.

வலிதான் புளிப்பைத் தருகிறது என்றால், வலியைத் தணித்தால்? முதுகில் எபிடியூரல் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு இரண்டாம் கட்டம் சற்று நீளும். அப்படியானால் குழந்தைக்குப் புளிப்பு கூடியிருக்க வேண்டும். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மாறாக இருந்தது: அந்தக் குழந்தைகளின் காரக் குறைவு கொஞ்சம் நன்றாகவே இருந்தது. வலியில் தாய் படபடவென்று மூச்சுவிட்டு, அட்ரினலின் ஏறி, கருப்பைக்கு ரத்தம் குறைகிற சங்கிலி அறுபடுவது ஒரு காரணமாக இருக்கலாம்.

வலியே இல்லாமல், தேதி குறித்து சிசேரியன் செய்தால் புளிப்பே வராது என்றும் நினைக்கத் தோன்றும். சராசரி எண் சற்று மேலேதான் இருக்கும். ஆனால் அங்கே வேறொரு கதை. முதுகுத்தண்டில் மரத்துப்போகும் ஊசி போட்டதும் தாயின் ரத்த அழுத்தம் சட்டென்று விழும். மல்லாந்து படுத்தால் கனத்த கருப்பை பெரிய சிரையை அழுத்தி இன்னும் விழ வைக்கும். மேசையை இடப்பக்கம் சாய்ப்பது அதற்காக. அழுத்தத்தைத் தூக்கப் பல பத்தாண்டுகள் எபிட்ரின்தான் கொடுத்தார்கள். கருப்பைக்கு ரத்தம் குறையாது என்று செம்மறியாட்டுச் சோதனைகள் சொல்லியிருந்தன. ஹாங்காங்கில் வாரிக் இங்கன் கீ குழுவினர் கொடி ரத்தத்தையே எடுத்துப் பார்த்தார்கள். எபிட்ரின் கொடுத்த தாய்மாரின் குழந்தைகளில்தான் புளிப்பும் லாக்டேட்டும் அதிகம். மருந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய்ச் சிசுவின் உடம்பையே வேகமாக எரிய வைத்திருந்தது. இன்று பெரும்பாலும் ஃபினைல்எப்ரின் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. ஆட்டை நம்பியதில் இருந்த தவறை, குப்பையில் போகவிருந்த ஒரு சாண் கொடி காட்டிக் கொடுத்தது.

அந்தக் கொடித் துண்டைப் படிப்பதிலும் ஒரு துப்பறிதல் உண்டு. கொடிக்குள் மூன்று குழாய்கள்: பருத்த சிரை ஒன்று, மெல்லிய தமனிகள் இரண்டு. வழக்கத்துக்கு மாறாக இங்கே சிரையில்தான் சுத்த ரத்தம்; நஞ்சுக்கொடியிலிருந்து சிசுவுக்குப் போவது அது. சிசுவின் உடம்பைச் சுற்றித் திரும்புவது தமனியில். ஆகவே சிரை நஞ்சுக்கொடியின் நிலையைச் சொல்லும், தமனி குழந்தையின் நிலையைச் சொல்லும். இயல்பான பிரசவத்தில் சிரையில் 7.35 அளவு, தமனியில் 7.27 அளவு. பருத்த சிரையில் ஊசி எளிதாக ஏறும் என்பதால், அவசரத்தில் அதிலிருந்தே இரண்டு முறை எடுத்துவிட்டு ஒன்றைத் தமனி என்று எழுதிவிடுவதும் நடக்கிறது. இரண்டு எண்களுக்கும் 0.02 வித்தியாசம்கூட இல்லையென்றால் சந்தேகப்பட வேண்டும்.

சரியாக எடுத்திருந்தால் வித்தியாசமே பேசும். இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் நாற்றங்காலுக்கே தண்ணீர் போதவில்லை: வலி மிகுதியோ, தாயின் அழுத்தக் குறைவோ, நஞ்சுக்கொடி பிரிந்ததோ. சிரை நன்றாக இருந்து தமனி மட்டும் பாதாளத்தில் இருந்தால், நாற்றங்கால் செழிப்புதான், வாய்க்கால் அடைபட்டிருக்கிறது: கொடி எங்கோ நெரிந்திருக்கிறது. கழுத்தைச் சுற்றிய கொடியோ, இடுக்கில் மாட்டிய கொடியோ. சிரையின் சுவர் மெல்லியது, முதலில் மூடுவது அதுதான். கொடியைச் சுற்றி வழவழப்பான ஜெல்லி போர்த்தியிருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

பிறந்த பிறகு பார்ப்பது சரி, உள்ளே இருக்கும்போதே பார்க்க முடியாதா? மேற்கு பெர்லினின் நொய்கோல்ன் பகுதியில் வேலை பார்த்த எரிக் சாலிங், 1960களின் தொடக்கத்தில் அதைச் செய்துகாட்டினார். திறந்துகொண்டிருக்கும் கருப்பை வாய் வழியாக ஒரு குழாயை விட்டு, சிசுவின் தலைத்தோலில் சின்னக் கீறல் போட்டு, துளி ரத்தத்தை நுண்குழாயில் ஏந்தி அளந்தார். மனித சிசு நேரடியாகச் சோதிக்கப்பட்டது அங்கேதான் தொடங்கியது. 7.25க்கு மேல் இருந்தால் காத்திருக்கலாம், 7.20க்குக் கீழே போனால் குழந்தையை எடுக்க வேண்டும் என்ற கணக்கு அந்தக் காலத்தது. இன்று பல நாடுகளில் இந்தச் சோதனை அருகிவிட்டது. சிசுவின் இதயத்துடிப்பை வரைந்து காட்டும் காகிதப் பட்டியைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள். அந்தப் பட்டி பயமுறுத்துவதில் கெட்டி. டப்ளினில் ஏறத்தாழ 13,000 பெண்களிடம் நடந்து 1985இல் வெளியான சோதனையில், தொடர்ந்து பட்டி ஓட்டியதால் பச்சிளம் குழந்தைகளின் வலிப்பு பாதியானது. பெருமூளை வாதமோ குறையவில்லை.

அந்த வாதம்தான் கொடி ரத்தத்தைக் கோர்ட் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது. லண்டனில் வில்லியம் லிட்டில் என்ற அறுவை மருத்துவர், கஷ்டப் பிரசவத்தில் மூச்சுத் திணறிப் பிறந்த குழந்தைகளுக்குக் கைகால் விறைப்பு வருகிறது என்று 1861இல் மகப்பேறு மருத்துவர்கள் முன் படித்தார். நூறாண்டுக்கு மேல் அதுவே வேதவாக்கு. 1897இலேயே ஒருவர் மட்டும் எதிர்க்கேள்வி கேட்டார்: பிரசவம் கஷ்டமானதே சிசுவில் முன்பே இருந்த கோளாறால் இருக்கக்கூடாதா? கேட்டவர் சிக்மண்ட் ஃபிராய்ட். கனவுகளுக்குள் போகும் முன் அவர் நரம்பு மருத்துவர். 1980களில் பெரிய அளவில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வுகள் ஃபிராய்ட் பக்கமே சாய்ந்தன. பெருமூளை வாதத்தில் பிரசவ நேர மூச்சுத்திணறலால் வருவது சிறு பங்குதான்.

அப்படியானால் எந்த எண்ணில் பயப்பட வேண்டும்? 1999இல் பல நாட்டு நிபுணர்கள் கூடி, பாதிப்புக்குப் பிரசவ நேரமே காரணம் என்று சொல்ல வேண்டுமானால் தமனி பி.எச். 7.00க்குக் கீழேயும், காரக் குறைவு 12 அல்லது அதற்கு மேலேயும் இருந்தாக வேண்டும் என்று வரையறுத்தார்கள். இரண்டும் சேர்ந்து என்பதைக் கவனிக்க வேண்டும். வெறும் கைமாற்றில் 7.05க்கு இறங்கிய குழந்தையும், நீண்ட கடனில் மூழ்கி அதே 7.05க்கு வந்த குழந்தையும் ஒன்றல்ல. 7.00க்குக் கீழே பிறந்தவற்றிலும் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கின்றன. வக்கீல்கள் இந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

சிசு சும்மா தாங்கிக்கொண்டிருப்பதில்லை என்பதும் பெரும்பாலானவை இப்படித் தப்பிப்பதற்கு ஒரு காரணம். ஆக்சிஜன் இறங்கியதும் அது நீரில் மூழ்கிய சீல் போல நடந்துகொள்கிறது. தோல், குடல், தசைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, மூளைக்கும் இதயத்துக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் திருப்பிவிடுகிறது. கடனை வாங்குவது கைகால்கள், தலை காப்பாற்றப்படுகிறது. கூடவே அட்ரினலினும் நோரட்ரினலினும் வெள்ளமாக ஏறுகின்றன. ஸ்வீடனின் ஹியூகோ லாகர்கிரான்ட்ஸ் இந்த வெள்ளத்தை ஆராய்ந்து, அது பிள்ளைக்குத் தொல்லை அல்ல, தயாரிப்பு என்று காட்டினார். நுரையீரலில் நிறைந்திருக்கும் நீரை உறிஞ்சச் சொல்வது அந்த ஹார்மோன்கள்தான். வலி தொடங்கும் முன்பே சிசேரியனில் எடுத்த குழந்தைகளில் சில, முதல் நாள் நீர் வற்றாமல் வேகமூச்சு வாங்குவது இதனால்.

நியூயார்க்கில் வர்ஜீனியா அப்கார், குழந்தைக்கு மதிப்பெண் போடும் முறையை 1952இல் முன்வைத்தபோது, பார்வைதான் கருவி: நிறம், துடிப்பு, அழுகை, அசைவு, மூச்சு. சில ஆண்டுகள் கழித்து அவரும் ஸ்டான்லி ஜேம்ஸும் சேர்ந்து கொடி ரத்தத்தை அளந்தபோது, கத்தி அழுகிற திடமான குழந்தைகளிடமும் ஆக்சிஜன் குறைந்தும் புளிப்பு ஏறியும் இருந்தது. பிறப்பு என்றாலே கொஞ்சம் மூச்சுமுட்டல் என்று அப்போதுதான் எண்ணில் எழுதப்பட்டது. அந்த முட்டலுக்கும் வேலை இருக்கிறது. ஏறி நிற்கும் கரியமில வாயு மூளையின் மூச்சு மையத்தைத் தட்டுகிறது. ஈர உடம்பில் காற்றுப்பட்டுக் குளிர்கிறது. கொடியின் துடிப்பு அடங்குகிறது. குழந்தை வாயைத் திறக்கிறது.

முதல் அழுகையிலேயே கரியமில வாயு போகத் தொடங்கிவிடும். அதற்கு இனி நாற்றங்கால் வேண்டாம், நுரையீரல் இருக்கிறது. லாக்டிக் அமிலத்தைக் கல்லீரலும் இதயமும் மெல்ல எரித்துத் தீர்க்கும். சில மணி நேரத்தில் பி.எச். நம் எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கிளிப் போட்ட கொடித் துண்டுக்குள் இருக்கும் ரத்தமோ ஒரு மணி நேரம் வரை ஏறத்தாழ அப்படியே நிற்கும். ஆகவே அவசரமில்லை, பெற்றவள் மார்பில் பிள்ளையைப் போட்டு, துடைத்து, போர்த்தி, மெதுவாக வந்து ஊசியைக் குத்தலாம். இயந்திரம் 7.26 என்று அச்சடிக்கும்போது, அது குழந்தையின் எண்ணாக இருந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். காகிதத்தைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுகிறார்கள். தட்டில் கிடக்கும் துண்டை யாரோ மஞ்சள் பையில் போட்டுக் கட்டுகிறார்கள்.